மஞ்சளா சிவப்பா

என் தம்பியின் காலை உடைத்தவன் என் மனைவியின் தம்பி. இதை இப்படிச் சொன்னால் மனைவிக்குக் கோபம் வரும். "ஒடச்சான்னு சொல்லாதீங்க, ஒடஞ்சிருச்சுன்னு சொல்லுங்க" என்பாள். ஒடஞ்சிருச்சு என்று சொன்னால் அம்மாவுக்குக் கோபம் வரும். "தானா ஒடையறதுக்கு அது என்ன முருங்கக் கெளையா?" என்பார். அதனால் வீட்டில் அந்தப் பேச்சு வரும்போதெல்லாம் நான் "அந்த ஆட்டத்துல" என்று ஆரம்பித்து அங்கேயே நிறுத்திக்கொள்வேன். மிச்சத்தை அவரவர் விருப்பப்படி முடித்துக்கொள்வார்கள்.

மன்னார்குடியில் எனக்கு மோட்டார் காயில் கட்டும் கடை. அப்பா காலமான பிறகு அம்மா, தம்பி, மனைவி, மகள் என்று ஐந்து பேர் ஒரே வீட்டில் இருக்கிறோம். தம்பி வெல்டிங் படித்தவன். படிப்பைவிடப் பந்தில்தான் அவனுக்குப் பேர். இடது ஓரத்தில் பந்தை வாங்கிக்கொண்டு ஓட ஆரம்பித்தால் பின்னால் வருகிறவர்கள் பாதியிலேயே நின்றுவிடுவார்கள். என் மைத்துனன் பட்டுக்கோட்டைக்காரன். தேங்காய் லோடு ஏற்றும் மினி லாரி ஓட்டுகிறான். அவனுக்கும் பந்துதான் உயிர், ஆனால் தடுப்பாட்டக்காரன். என் கல்யாணத்தில்தான் இருவருக்கும் பழக்கம் ஆனது. தாலி கட்டி முடித்த கையோடு மண்டபத்துக்குப் பின்னால் இருந்த காலி மனையில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பந்து உதைத்துக்கொண்டிருந்தார்கள். அதற்குப் பிறகு மைத்துனன் எங்கள் வீட்டுக்கு வந்தால் அக்காவைப் பார்க்க வந்ததாகச் சொல்வான், தம்பியோடு போய்விடுவான்.

தம்பிக்கு சிங்கப்பூரில் கப்பல் கட்டும் இடத்தில் வெல்டர் வேலை கிடைத்தபோது, சென்னையில் நடந்த செய்முறைத் தேர்வுக்கு லீவு போட்டு அவனை அழைத்துப் போனதும் மைத்துனன்தான். மெடிக்கல் முடிந்தது. விசா வந்தது. டிக்கெட் மட்டும் வரவேண்டும். அந்த இடைவெளியில்தான் அதிராம்பட்டினத்துக் கோடைப் போட்டி வந்தது.

அந்த ஊரில் கால்பந்துக்கு இருக்கும் மரியாதையை வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. கடை மூடிவிட்டுப் பார்க்க வருவார்கள். துபாயிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் விடுமுறையில் வந்தவர்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார்கள். கடல் பக்கத்துத் தெருக்களிலிருந்து வலையை அப்படியே போட்டுவிட்டு வந்த ஆட்கள் கயிற்றுக்கு வெளியே நிற்பார்கள். அரையிறுதியில் எங்கள் ஊர் அணியும் பட்டுக்கோட்டை அணியும் மோத வேண்டி வந்தது.

அன்று மதியம் மாமனார் வீட்டில்தான் எல்லோரும் சாப்பிட்டோம். ஆடப்போகிற இரண்டு பேரும் சோற்றைத் தொடவில்லை. ஆளுக்கு இரண்டு வாழைப்பழம். பிறகு ஒரே பைக்கில் கிளம்பினார்கள். மைத்துனன் வெள்ளை பனியன் போட்டுக்கொண்டு ஓட்டினான், தம்பி நீல பனியனில் பின்னால் உட்கார்ந்தான். மனைவி மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு, "ரெண்டு பேரும் ஜெயிச்சுட்டு வாங்க" என்றாள். நான் பஸ்ஸில் போனேன்.

கோலுக்குப் பின்னால் எனக்கு இடம் கிடைத்தது. அது நல்ல இடம் என்று அப்போது நினைத்தேன். இரண்டாம் பாதியில் தம்பி இடது ஓரத்தில் பந்தை வாங்கி, ஒருவனை ஏமாற்றி உள்ளே வெட்டினான். பந்து கொஞ்சம் நீளமாகப் போய்விட்டது. அதை எட்டிப் பிடிக்க வலது காலை நீட்டினான். பக்கவாட்டிலிருந்து மைத்துனன் சறுக்கிக்கொண்டு வந்தான். பந்து நகர்ந்தது. அதில் யாருக்கும் சந்தேகமில்லை. பந்து நகர்ந்த பிறகு கால் பட்டதா, கால் பட்டதால் பந்து நகர்ந்ததா, வந்தவன் பூட்ஸின் ஆணிகள் தரையைப் பார்த்து இருந்தனவா, தம்பியின் காலைப் பார்த்து இருந்தனவா என்பதில்தான் எல்லாச் சண்டையும். நான் அங்கேதான் நின்றேன். சரியாக அந்த நேரத்தில் கோல்கீப்பர் எனக்கு நேர் முன்னால் நகர்ந்தான். நான் பார்த்தது அவன் முதுகை. சத்தம் மட்டும் கேட்டது. காய்ந்த தென்னை மட்டையைக் காலில் வைத்து முறித்த மாதிரி.

கயிற்றைத் தாண்டி நான் ஓடிப்போய்ச் சேர்வதற்குள் ரெஃப்ரி எச்சரிக்கைக்கான மஞ்சள் அட்டையை உயர்த்திவிட்டிருந்தார். எங்கள் ஊர்ப் பையன்கள் அவரைச் சூழ்ந்துகொண்டு, "காலைப் பாருங்க சார், ரெட் குடுங்க சார்" என்று கத்தினார்கள். தம்பியின் முழங்காலுக்குக் கீழே, கால் மடங்கக் கூடாத இடத்தில் மடங்கியிருந்தது. மைத்துனன் இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டு மண்டியிட்டிருந்தான். ஆம்புலன்ஸ் வந்ததும் அவனும் ஏற வந்தான். எங்கள் அணிப் பையன் ஒருவன் அவனை நெஞ்சில் கைவைத்துத் தள்ளினான். மைத்துனன் என்னைப் பார்த்தான். "ஏறு மாப்ள" என்று நான் சொல்லியிருந்தால் ஏறியிருப்பான். நான் சொல்வதற்குள் கதவைச் சாத்திவிட்டார்கள்.

தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் தம்பி என் கையை விடவே இல்லை. ஊசி போட்டிருந்தார்கள். பட்டுக்கோட்டை தாண்டும்போது கண்ணைத் திறந்தான்.

"அண்ணே, என்ன கார்டு குடுத்தாங்க?"

"மஞ்சள்."

"மஞ்சளா" என்றான். மறுபடி கண்ணை மூடிக்கொண்டான்.

இரண்டு எலும்பும் முறிந்திருந்தன. அறுவை சிகிச்சை செய்து உள்ளே கம்பி வைத்தார்கள். நடக்கலாம், ஆனால் மாதக்கணக்கு ஆகும், ஏணி ஏறி உயரத்தில் நின்று செய்யும் வேலையைப் பற்றி இப்போதைக்கு யோசிக்க வேண்டாம் என்றார் டாக்டர். சிங்கப்பூர்க்காரர்கள் ஒரு மாதம் பொறுத்தார்கள். பிறகு வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார்கள். அந்தச் செய்தி வந்த அன்றுதான் அம்மா முதன்முதலாக அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"செவப்பு குடுத்திருக்கணும்ங்கறாங்களே, குடுத்திருந்தா என்னாகும்?"

"அவன வெளியே அனுப்பியிருப்பாங்கம்மா. அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா? தப்பு அவம்மேலன்னு ஆயிருக்கும்ல?"

ஆம் என்றால் ஒரு வீடு போகும். இல்லை என்றால் இன்னொரு வீடு போகும்.

அந்த ஆட்டத்தை யாரோ போனில் எடுத்திருந்தார்கள். எதிர்ப்பக்கத்திலிருந்து எடுத்தது. அது எல்லா வாட்ஸ்அப் குழுக்களிலும் சுற்றியது. ஒருவன் அதை மெதுவாக ஓடும்படி செய்து, மைத்துனனின் பூட்ஸைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு அனுப்பினான். பட்டுக்கோட்டைப் பக்கம் இன்னொருவன் அதே காட்சியில் பந்தைச் சுற்றிப் பச்சை வட்டம் போட்டு அனுப்பினான். இரண்டிலும், கால் படுகிற அந்த நொடியில் பார்வையாளர் ஒருவரின் உயர்த்திய கை குறுக்கே வந்து மறைக்கிறது. அந்தக் கையை நான் எத்தனையோ முறை திட்டியிருக்கிறேன்.

கடைக்கு மோட்டார் கொண்டுவருகிறவர்கள் காயிலைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டுவிட்டு நேராக அதற்கு வந்துவிடுவார்கள். குறுவைக்கு மேட்டூர் திறந்த சமயம். ஆனாலும் தண்ணீர் கடைமடைக்கு வருமா என்பதைவிட இதைத்தான் அதிகம் பேசினார்கள். "பந்தத் தொட்டுட்டான், அப்பறம் என்ன ரெட்டு?" என்பார் ஒருவர். "பந்தத் தொட்டா மட்டும் போதுமா? வந்த வேகம் என்ன? ரெண்டு காலும் தரையில இல்லங்க" என்பார் இன்னொருவர். பேசிவிட்டு இருவரும் என் பக்கம் திரும்புவார்கள். "நீங்க கோலுக்குப் பின்னாடிதான நின்னீங்க, சொல்லுங்க." கோல்கீப்பர் மறைத்துவிட்டான் என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. மனைவிக்குப் பயந்து மறைக்கிறேன் என்றார்கள். அம்மாவுக்குப் பயந்து மறைக்கிறேன் என்றும் சொன்னார்கள்.

வீட்டில் இதைவிடக் கஷ்டம். வாழ்நாளில் ஒரு ஆட்டம்கூடப் பார்த்திராத அம்மா அந்தக் காட்சியைப் பார்த்துப் பார்த்து, ஸ்டட் என்றால் பூட்ஸ் ஆணி, எந்தக் காலை நீட்டினால் குற்றம் என்பதையெல்லாம் தெரிந்துகொண்டார். மனைவி போனிலும் அதே காட்சி இருந்தது. அம்மா ஒரு இடத்தில் நிறுத்திக் காட்டுவார். மனைவி வேறு ஒரு இடத்தில் நிறுத்திக் காட்டுவாள். அம்மா நிறுத்திய இடத்தில் பார்த்தால் சிவப்புதான். மனைவி நிறுத்திய இடத்தில் பார்த்தால் மஞ்சளே அதிகம். இரண்டு பேரும் ஒரே அடுப்படியில் நின்றுகொண்டு, ஒருவருக்கொருவர் பேசாமல், இரண்டையும் என்னிடம் காட்டினார்கள். தம்பி பக்கத்து அறையில் காலைத் தலையணை மேல் தூக்கி வைத்துக்கொண்டு படுத்திருப்பான். அவனுக்கு எல்லாம் கேட்கும்.

ரெஃப்ரியைப் போய்க் கேட்டுவிட்டு வா என்று அம்மா ஒரே பிடியாக நின்றார். ரெஃப்ரி தஞ்சாவூரில் ஒரு பள்ளியில் விளையாட்டு ஆசிரியர். ஒரு சனிக்கிழமை போனேன். மைதானத்து ஓரம் வேப்ப மரத்தடியில் உட்கார்ந்திருந்தார். யார் என்று சொன்னதும் எழுந்து நின்றுவிட்டார். முதலில் தம்பியின் கால் எப்படி இருக்கிறது என்று கேட்டார். பிறகு நான் கேட்பதற்கு முன்பே சொல்ல ஆரம்பித்தார்.

"நான் பின்னாடி இருந்து ஓடி வந்துக்கிட்டிருந்தேன். நடுவுல ஒரு ஆள் இருந்தான். ஃபவுல்னு தெரிஞ்சுச்சு, விசில் ஊதினேன். மஞ்சளத் தூக்கிட்டேன். அதுக்கப்பறம்தான் காலப் பாத்தேன்."

"அப்பறமா மாத்த முடியாதாங்க சார்?"

"மாத்தலாம். ஆட்டத்த மறுபடி ஆரம்பிக்கறதுக்குள்ள மாத்தலாம். ஆனா எதுக்காக மாத்தறது? கால் ஒடஞ்சிருச்சுன்னு மாத்தக் கூடாதுங்க. அவன் வந்த வேகத்துக்கும் வந்த விதத்துக்கும்தான் கார்டு. அத நான் சரியாப் பாக்கல."

"இப்ப வீடியோ பாத்தீங்களா சார்?"

"பாத்தேன். ஒரு நாள் பாத்தா செவப்புன்னு தோணுது. மறுநாள் பாத்தா தோணல. நீங்க யாருக்காகக் கேக்கறீங்க?"

"ரெண்டு பேருக்காகவும்தாங்க. ஒருத்தன் தம்பி, ஒருத்தன் மச்சினன்."

அவர் என் தோளில் கைவைத்தார். "அப்ப நான் எதைச் சொன்னாலும் உங்களுக்கு உதவாதுங்க" என்றார். டீ வாங்கிக் கொடுத்தார். அவர் கண் கலங்கியிருந்தது. அவரிடம் சண்டை போட்டுவிட்டு வரவேண்டும் என்று அம்மா சொல்லி அனுப்பியிருந்தார். எனக்கு அவருக்கு ஆறுதல் சொல்லவேண்டும் போல இருந்தது. இரண்டையும் செய்யாமல் பஸ் ஏறினேன்.

மைத்துனன் ஆஸ்பத்திரிக்கு இரண்டு தடவை வந்து வாசலோடு திரும்பியிருக்கிறான். வீட்டுக்கு ஒரு நாள் மாலை வந்தான். கையில் ஒரு சீப்பு வாழைப்பழமும் இளநீரும். அம்மா வாசலில் நின்று வழிவிடவில்லை.

"கால ஒடச்சிட்டு அங்கேயே நின்னு மிச்ச ஆட்டத்தையும் வெளாடுனியே, அப்ப எங்க போச்சு இந்தப் பாசம்?"

"மாத்து ஆள் இல்லன்னு நிறுத்தி வெச்சிட்டாங்க அத்தை. அதுக்கப்பறம் நான் பந்தத் தொடவே இல்ல."

தொடவில்லை என்று பட்டுக்கோட்டைக்காரர்கள் சொல்கிறார்கள். நன்றாகவே ஆடினான் என்று எங்கள் ஊர்க்காரர்கள் சொல்கிறார்கள். நான் ஆம்புலன்ஸில் இருந்தேன்.

உள்ளேயிருந்து தம்பி, "அம்மா, அவன உள்ள விடு" என்று சத்தம் போட்டான். அம்மா நகர்ந்தார். மைத்துனன் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான். தம்பிதான் கேட்டான்.

"ஒண்ணே ஒண்ணு சொல்லு. வரும்போது பந்தப் பாத்தியா, என் காலப் பாத்தியா?"

மைத்துனன் உடனே பதில் சொல்லியிருந்தால் எல்லோருக்கும் நிம்மதியாக இருந்திருக்கும். பந்தை என்று சொல்லத்தான் அவன் வந்திருப்பான் என்று நினைத்தேன். அவன் தலையைக் குனிந்துகொண்டே இருந்தான்.

"நீ போயிட்டா கோலுன்னு தெரியும். உன்ன நிறுத்தணும்னு வந்தேன். எதப் பாத்தேன்னு இப்ப யோசிச்சா எனக்கே தெரியல மாப்ள."

தம்பி சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். மைத்துனன் பழத்தை வைத்துவிட்டுப் போனான். அம்மா அதைத் தொடவில்லை. கறுத்துப்போன பிறகு மனைவி எடுத்துக் கொண்டுபோய் மாட்டுக்குப் போட்டாள்.

ஆவணியில் மகளுக்குக் காது குத்துவதாக முன்பே முடிவு செய்திருந்தோம். குடவாசல் பக்கத்தில் எங்கள் குலதெய்வம். குழந்தையைத் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும். மகளுக்குத் தாய்மாமன் ஒருவன்தான்.

"எம்புள்ள கால முறிச்சவன் மடியில எம்பேத்தி உக்கார மாட்டா" என்றார் அம்மா. "ஒண்ணுவிட்ட மாமன் யாராவது வரட்டும்."

"அவன் மடியில இல்லன்னா எம்பொண்ணுக்குக் காதே குத்த வேணாம்" என்றாள் மனைவி.

இரண்டு பேரும் என்னைத்தான் பார்த்தார்கள். நான் கடைக்குப் போய்விட்டேன். அன்று காயில் கட்டிய மோட்டார் ஓடவில்லை. அவிழ்த்து மறுபடி கட்டினேன். மனைவி மகளைத் தூக்கிக்கொண்டு பட்டுக்கோட்டை போய்விட்டாள். போனில் கூப்பிட்டால், "முடிவு பண்ணிட்டீங்களாங்க?" என்று மட்டும் கேட்பாள். நான் முடிவு செய்து அது நடக்கும் வீடாக இருந்தால் எப்போதோ செய்திருப்பேன்.

முடித்து வைத்தவன் தம்பி. அப்போது கைத்தடி ஊன்றி நடக்க ஆரம்பித்திருந்தான். சாப்பிடும்போது அம்மாவிடம் சாதாரணமாகச் சொன்னான்.

"அது மஞ்சள்தாம்மா. எனக்குத் தெரியாதா? பட்டது என் கால்லதான. பந்தத்தான் மொதல்ல தொட்டான். நான்தான் காலக் கொண்டுபோய்க் குடுத்துட்டேன்."

அம்மா கையிலிருந்த கரண்டியைச் சட்டியில் வைத்துவிட்டு அவனையே பார்த்தார். "சத்தியமா?"

"சத்தியமா."

மறுநாள் அவனைக் கடைக்கு அழைத்துப் போனேன். வெறுமனே படுத்திருக்கிறானே என்று சின்னச் சின்ன வேலைகளுக்கு உட்கார வைத்திருந்தேன். செப்புக் கம்பியைச் சுற்றிக்கொண்டே, நான் கேட்காமலேயே சொன்னான்.

"செவப்புதாண்ணே. ஆணி மூணும் கால்ல எறங்குனது எனக்குத் தெரியும்."

"அப்பறம் ஏன்டா சத்தியம் பண்ண?"

"பாப்பாவுக்குக் காது குத்தணும்ல."

நீ சொன்னது பொய் என்று அம்மாவிடம் போய்ச் சொல்லவா? நல்ல காரியம் செய்தாய் என்று அவனிடம் சொல்லவா? கம்பி அறுந்துவிடப் போகிறது, மெதுவாகச் சுற்று என்றேன்.

காதுகுத்து நடந்தது. அம்மா வந்தார். ஆனால் மைத்துனன் மணையில் உட்கார்ந்து குழந்தையை மடியில் வாங்கியதும் எழுந்து குளத்துப் பக்கம் போய்விட்டார். ஆசாரி ஊசியை எடுத்ததும் மகள் வீரிட்டாள். குழந்தையின் தலையை அசையாமல் பிடித்துக்கொள்வது மாமன் வேலை. மைத்துனன் பிடியைத் தளர்த்திவிட்டான். ஆசாரி, "கெட்டியாப் புடிங்க தம்பி, தப்பாக் குத்திரும்" என்றார். அவனால் முடியவில்லை. தரையில் உட்கார முடியாததால் பின்னால் நின்றுகொண்டிருந்த என் தம்பி, தடியைச் சுவரில் சாய்த்துவிட்டுக் குனிந்து, மகளின் தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். காது குத்தி முடித்ததும் மைத்துனன் அவனை நிமிர்ந்து பார்த்தான். தம்பி பார்க்காமல் தடியை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிட்டான். மனைவி அழுதாள். குழந்தை அழுவதால் அழுகிறாள் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

நல்லபடியாக முடிந்தது என்று உறவினர்கள் சொல்லிவிட்டுப் போனார்கள். அப்படி ஒன்றும் முடியவில்லை. தம்பியின் எலும்பு கூடிவிட்டது, லேசாகத் தாங்கித்தான் நடக்கிறான். சிங்கப்பூருக்கு மறுபடி முயற்சி செய்தோம், மெடிக்கலில் கழித்துவிட்டார்கள். என் கடையிலேயே இருக்கிறான். நன்றாகவே வேலை செய்கிறான். மாலையில் ஐந்து மணி ஆனால் எங்காவது பந்து உதைக்கும் சத்தம் கேட்கும், அவன் உடனே கிரைண்டரை ஓடவிடுவான். மைத்துனனை அவன் அணியிலிருந்து எடுத்துவிட்டார்கள். எதிராளி பந்தோடு வந்தால் காலை வைக்காமல் ஒதுங்கி வழிவிட்டுவிடுகிறான் என்று சொன்னார்கள். நான் அதைத் தம்பியிடம் சொன்னபோது, "வெளாடச் சொல்லு அவன" என்று எரிந்து விழுந்தான். "நீயே சொல்லேன்" என்றேன். சொல்லவில்லை. ஒருவனைப் பற்றி இன்னொருவன் என்னிடம்தான் கேட்கிறான்.

வருகிற தை மாதம் மைத்துனனுக்குக் கல்யாணம், பட்டுக்கோட்டையில். மூன்றாவது முடிச்சு என் மனைவி போட வேண்டும். தம்பி வருகிறேன் என்கிறான். எங்கே உட்காருவான், மைத்துனனோடு பேசுவானா என்றெல்லாம் நான் கேட்கவில்லை. அம்மாவுக்கு மயில் கழுத்து நிறத்தில் ஒரு பட்டுப் புடவை எடுத்துக் கொடுத்தோம். வாங்கிக் கட்டில் மேல் வைத்தார். "நீங்க போயிட்டு வாங்கப்பா, அறுப்பு நேரம், வீட்ட யாரு பாத்துக்கறது?" என்றார். எங்களுக்கு இருக்கும் கொஞ்ச வயலில் அறுப்பு கல்யாணத்துக்குப் பிறகுதான். அது அவருக்கும் தெரியும். மனைவி தினமும் சமைக்கும்போது, "அத்தை வருவாங்களாங்க?" என்று என்னிடம் கேட்கிறாள். கேட்டுப் பார்க்கிறேன் என்கிறேன். அம்மா கூடத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார். புடவை இன்னும் கட்டில் மேலேயே மடிப்புக் கலையாமல் கிடக்கிறது.